ஒரு கையில் ஜனதா, மறு கையில் ஸ்மார்ட்வாட்ச்

நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. அதே ஆட்கள் வீட்டு பீரோவில் தேடினா, தாத்தாவோட எச்.எம்.டி. ஜனதா ஒன்று சாவி கொடுக்க ஆளில்லாமல் கிடக்கும். அதை எடுத்து இன்னொரு கையில் கட்டுங்கன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஸ்டைலுக்காக இல்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு குட்டி மெட்ராலஜி லேப் உங்க கையோடவே வரும்.

இரண்டும் செய்வது ஒரே வேலையா?

ஜனதாவுக்குள் மெயின் ஸ்பிரிங் இருக்கு. சாவி கொடுக்கும்போது நாம் அதில் சக்தியைச் சேமிக்கிறோம். அந்தச் சக்தி பற்சக்கரங்கள் வழியாக எஸ்கேப்மென்ட்டுக்கு வந்து, பேலன்ஸ் வீலைத் தட்டிக்கொண்டே இருக்கும். வினாடிக்கு 5 தட்டு, மணிக்கு 18,000. பேலன்ஸ் வீலின் அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், ஹேர் ஸ்பிரிங்கின் விறைப்பு. முதல் வருஷ பிசிக்ஸ்ல படிச்ச அதே தனிச் சீரிசை இயக்கம்தான்.

ஸ்மார்ட்வாட்ச்சில் ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும். அதாவது 2-இன் 15-ஆம் அடுக்கு; 15 முறை இரண்டால் வகுத்தால் ஒரு வினாடி கிடைக்கும். இதுவும் கொஞ்சம் தப்பும். ஆனால் தப்புவது நமக்குத் தெரியாது. போன் நெட்வொர்க்கில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கும், வாட்ச் அதைத் தன்னில் திருத்திக்கொள்ளும்.

வித்தியாசம் இங்கேதான். ஸ்மார்ட்வாட்ச் நேரத்தை வெளியிலிருந்து வாங்குது. ஜனதா நேரத்தைத் தானே காப்பாத்துது.

நம்ம துறைமுகத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தூத்துக்குடி இருப்பது சுமார் 78.2-ல். வித்தியாசம் 4.3 பாகை, அதாவது 17 நிமிடம். அதனால்தான் நம்ம ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 17 நிமிடத்துக்கு.

இதைத் திருப்பிப் போடுங்க. நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் தெரிந்தால், கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்குன்னு கண்டுபிடிக்கலாம். ஆனால் கையில் இருக்கும் கடிகாரம் சரியாக இருக்கணும். நம்ம கடற்பகுதியில் 4 வினாடி தப்பினால், இடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல் தப்பும். 20 வினாடின்னா 5 கடல் மைல், கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர்! ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாளில் அது தப்பியது வெறும் 5 வினாடி சொச்சம்.

இப்போ ஜி.பி.எஸ். வந்தாச்சு, பழசு எதுக்குன்னு கேட்கலாம். 2017 ஜூனில் கருங்கடலில் 20-க்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜி.பி.எஸ்., கப்பல் கரைமேல் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. போலி சிக்னல்தான் காரணம் என்று சந்தேகம். அமெரிக்கக் கடற்படை அகாடமி, கைவிட்ட வானியல் வழிகாட்டல் பாடத்தை 2015-ல் திரும்பக் கொண்டு வந்தது. இன்றும் கப்பல் அதிகாரியாகப் போகிறவர்கள் சூரியனையும் நட்சத்திரத்தையும் வைத்து இடம் கணிக்கப் படிக்கணும். புதுசை நம்பலாம், தப்பில்லை. ஆனால் அதைச் சரிபார்க்கத் தனியாக ஓடும் இன்னொன்று வேணும்.

ஏழு நாள் சோதனை

1. தினமும் காலை ஒரே நேரத்தில் சாவி கொடுங்க. ஸ்பிரிங் தளரத் தளர விசை குறையும், அதனால் இது முக்கியம்.
2. ஸ்மார்ட்வாட்ச்சில் வினாடி 00 ஆகும்போது ஜனதாவின் வினாடி முள் எங்கே இருக்குன்னு குறிச்சு வைங்க.
3. 24 மணி நேரம் கழித்து மறுபடி குறிங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய பிழை.
4. முதல் மூன்று இரவு முகம் மேலே பார்த்தபடி வைங்க. அடுத்த மூன்று இரவு செங்குத்தாக நிறுத்தி வைங்க. பிழை மாறும். படுத்திருக்கும்போது பேலன்ஸ் வீல் அச்சின் நுனியில் மட்டும் நிற்கும். செங்குத்தாக இருந்தால் பக்கவாட்டில் உராயும், வீச்சு குறையும்.
5. ஏழாம் நாள் கிராப் போடுங்க.

ஒரு நாளைக்கு 20 வினாடி தப்பினால் சிரிக்காதீங்க. 86,400-ல் 20 என்பது 0.023 சதவீதம். ஒரு மீட்டர் கம்பியில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான பிழை. இவ்வளவும் பேட்டரியே இல்லாமல்.

கவனிக்க வேண்டியவை

காந்தம்தான் முதல் எதிரி. ஸ்மார்ட்வாட்ச் சார்ஜரிலும் சில ஸ்ட்ராப்களிலும் காந்தம் இருக்கு. ஹேர் ஸ்பிரிங் காந்தமானால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், நீளம் குறைந்தது போலாகும், வாட்ச் தறிகெட்டு ஃபாஸ்ட்டாக ஓடும். அதனால் இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீங்க, ஒரே கையிலும் கட்டாதீங்க. காந்தம் ஏறிட்டா பயப்பட வேண்டாம்; ரிப்பேர் கடையில் டீமேக்னடைசர் வைத்து எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது நம்ம ஊர் உப்புக் காற்று. வேர்வையோடு அதுவும் பழைய வாட்ச்சுக்குள் புகுந்தால் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். துடைத்து வைங்க. பீச்சுக்குக் கட்டிட்டுப் போகாதீங்க.

எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. புது உதிரிபாகம் இனி அங்கிருந்து வராது. அதனால் யூடியூப் பார்த்து நீங்களே பின்மூடியைத் திறக்காதீங்க. ஊரில் இருக்கும் வயசான வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொண்டு போங்க. அவர் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்க, கேள்வி கேளுங்க. நம்ம சிலபஸ்ல எஸ்கேப்மென்ட்டுக்கு ஒரு படம் இருந்தாலே பெரிய விஷயம். அவர் கையில் அது ஓடிக்கிட்டு இருக்கும். அவருக்குப் பிறகு அதைச் சொல்லித்தர யார் இருப்பாங்கன்னு தெரியாது.

உங்க ஏழு நாள் அட்டவணையை எழுதி இதழுக்கு அனுப்புங்க. யார் வீட்டுத் தாத்தா வாட்ச் ரொம்பக் கரெக்ட்னு அடுத்த மாசம் பார்த்துடலாம்!