கொரியச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுங்கள்

வேலைக்காகக் கொரிய மொழி படிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, தொழிற்சாலை மொழிபெயர்ப்பாளராக இருந்து இப்போது மேற்கு லண்டனில் கொரியம் கற்பிக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

வணக்கம் ரீச்சர். நான் ஹீத்ரோ டெர்மினல் 4இல் பயணிகள் சேவையில் வேலை செய்கிறேன். கொரியன் ஏர் பயணிகள் நிறைய வருவார்கள். கொரிய மொழி தெரிந்தால் அடுத்த பதவிக்கு விண்ணப்பிக்க உதவும் என்று மேலாளர் சொன்னார். ‘அத்தியாவசியமான 2000 சொற்கள்’ என்று ஒரு பட்டியல் எடுத்துப் படிக்கிறேன். 300ஐத் தாண்டியதும் முதல் நூறு மறந்துவிட்டது. எத்தனை சொல் தெரிந்தால் போதும்?
– சவுத்தால் வாசகர்

எண்ணிக்கையை விடுங்கள் தம்பி. அந்தப் பட்டியலில் வரும் ஒட்டகச்சிவிங்கியும் வானவில்லும் உங்கள் கவுண்டருக்கு வரப்போவதில்லை. உங்கள் வேலையில் ஒரு நாளில் பயணிகள் கேட்பதும் நீங்கள் பதில் சொல்வதும் எத்தனை வகை? முப்பது, நாற்பது வகைக்குள் அடங்கிவிடும். ஒரு வாரம் அவற்றைத் தமிழிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். அதுதான் உங்கள் பாடநூல்.

இன்னொன்று. கொரிய அலுவல் சொற்களில் பெரும்பகுதி சீன மொழியிலிருந்து வந்த அசைகளால் ஆனவை. ஒரே அசை பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும். ‘ஸுங்’ என்றால் ஏறிப் பயணம் செய்வது. ‘ஸுங்கேக்’ பயணி, ‘ஸுங்முவொன்’ விமானப் பணியாளர், ‘ஹ்வான்ஸுங்’ விமானம் மாறுதல், ‘தப்ஸுங்கு’ விமானம் ஏறும் வாயில், ‘தப்ஸுங்க்வொன்’ போர்டிங் பாஸ். அந்தக் கடைசி ‘க்வொன்’ பாஸ்போர்ட்டைக் குறிக்கும் ‘யொக்வொன்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. இப்படிக் குடும்பம் குடும்பமாகப் படித்தால் மறக்காது. தனித்தனியாகப் படித்ததால்தான் உங்களுக்கு மறந்தது. உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை.

மூன்று மாதத்தில் அலுவலகக் கூட்டத்தில் பேசும் அளவுக்குக் கொரியம் வந்துவிடுமா?
– கிரீன்ஃபோர்ட் வாசகர்

வராது. அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுவோருக்குக் கொரியம் வர சுமார் 2200 வகுப்பு மணி நேரம் கணக்குப் போடுகிறது. தமிழருக்கு அதைவிடக் குறையும். மூன்று மாதமாகக் குறையாது.

நான் ஐந்து வருடமாகக் கொரிய நாடகங்கள் பார்க்கிறேன். சப்டைட்டில் இல்லாமலே பாதி புரியும். போன மாதம் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரிவுத் தலைவரிடம் கொரியத்தில் பேசினேன். அவர் சிரித்தார். ஆனால் அதன் பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுகிறார். என்ன தவறு செய்தேன்?
– ஹவுன்ஸ்லோ வாசகி

நாடகத்தில் காதலர்களும் நண்பர்களும் அண்ணன் தங்கையும் பேசிக்கொள்ளும் மொழியை அப்படியே மேலதிகாரியிடம் பேசியிருக்கிறீர்கள். ஊரில் நம் வீட்டுக்கு வந்த வங்கி மேலாளரை “வாடா, என்ன வேணும்?” என்று கேட்டது போல அது. கொரியர்கள் வெளிநாட்டவரிடம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அதோடு உங்கள் கொரியம் அந்த அலுவலகத்தில் முடிந்தது.

இதைத் திருத்த முடியும், கலங்க வேண்டாம். வினைச்சொற்களை எல்லாம் ‘-ம்னிதா’, ‘-யோ’ என்று முடியும் மரியாதை வடிவத்தில் மட்டும் மறுபடி படியுங்கள். ‘நீ’, ‘நீங்கள்’ என்பதற்கு அகராதி தரும் எந்தச் சொல்லையும் மேலதிகாரியிடம் பயன்படுத்தாதீர்கள். ‘தாங்ஷின்’ என்பதைத் தமிழ் ‘நீங்கள்’ என்று நினைத்துச் சொல்லுகிறார்கள். கேட்பவருக்குச் சண்டைக்கு வருவது போலிருக்கும். பதவிப் பெயரோடு ‘நிம்’ சேர்த்து அழையுங்கள்: க்வாஜாங்நிம், பூஜாங்நிம். சில நிறுவனங்கள் பதவிப் பெயர்களைக் கைவிட்டு, ஆளின் பெயரோடு ‘நிம்’ சேர்க்கின்றன. உங்கள் அலுவலகத்தில் எது வழக்கம் என்று இரண்டு நாள் காது கொடுத்துக் கேளுங்கள்.

கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே, எதற்குப் படிக்க வேண்டும்?
– ஹேய்ஸ் வாசகர்

மின்னஞ்சலைப் படித்துப் புரிந்துகொள்ளக் கைப்பேசி போதும். பதில் எழுத அதை நம்பாதீர்கள். தமிழைப் போலவே கொரியத்திலும் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். யார் செய்வார், யார் செய்ய வேண்டும் என்பதைக் கருவி ஊகிக்கும். அது தவறினால் வேலை உங்கள் தலையில் விழும்.

எனக்கு வயது 74. தமிழும் கொரியமும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். அம்மா, அப்பா, நான், நீ, புல் என்று 500 சொற்கள் பொதுவாம். ஆய் நாட்டு இளவரசி கொரியாவின் ராணியானாள் என்றும் படித்தேன். என் பேத்திக்கு நியூ மால்டனில் ஒரு கொரிய இறக்குமதி நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பொதுச் சொற்களிலிருந்து தொடங்கு என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?
– சவுத்தால் வாசகர்

சரியில்லை ஐயா. உங்கள் வயதுக்கும் ஆர்வத்துக்கும் மரியாதை தந்தே இதைச் சொல்கிறேன். வாரம் தவறாமல் யாராவது எனக்கு இந்தப் பட்டியலை அனுப்புகிறார்கள்.

அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் உலகில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல மொழிகளில் ஒத்திருக்கின்றன. கொரியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு நூல் எழுதினார். அதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஜெஜு தீவுப் பேச்சோடு சேர்ந்து கொரியம் தனிக் குடும்பம் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை. ராணி ஹொ ஹ்வாங்-ஒக் ‘அயுதா’ என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தாள் என்று 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யூசா’ சொல்கிறது. அந்த அயுதா அயோத்தி என்பவர்களும் உண்டு, குமரி என்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் உங்கள் பேத்தி அலுவலகத்தில் புல்லைப் பற்றிப் பேசப் போவதில்லை. சரக்கு, தேதி, விலை, தாமதம் பற்றிப் பேசப் போகிறாள்.

தமிழருக்குக் கொரியத்தில் ஒரு சொத்து இருக்கிறது. அது வாக்கியத்தில் இருக்கிறது, இந்தப் பட்டியலில் இல்லை. ‘நேற்று வந்த சரக்கு’ என்பதைக் கொரியத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘ஒஜே ஒன் ஹ்வாமுல்’. நேற்று, வந்த, சரக்கு. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ‘வருகிறார் என்று சொன்னார்’ என்பது ‘ஒன்தாகோ ஹெஸ்ஸும்னிதா’. நம் ‘என்று’ நிற்கும் இடத்திலேயே அவர்களுடைய ‘கோ’ நிற்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில், மரியாதை வினையின் வாலில்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது துணைவினை. தமிழில் ‘செய்து பார்’ என்கிறோம். இந்தப் ‘பார்’ கண்ணால் பார்ப்பது இல்லை, முயல்வது. கொரியத்திலும் ‘பார்’ என்று பொருள்படும் ‘போதா’ அதே இடத்தில் அதே வேலையைச் செய்கிறது: ‘ஹே போதா’. ‘செய்து கொடு’ என்பதற்கு ‘ஹே ஜுதா’. ‘ஜுதா’ என்றால் கொடு. அலுவலகத்தில் தினமும் காதில் விழும் ‘ஹ்வாகின்ஹே போகெஸ்ஸும்னிதா’ என்ற வாக்கியம், ‘உறுதிசெய்து பார்க்கிறேன்’ என்பதுதான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இதற்கு ஒரு பாடம் முழுக்க உட்கார வேண்டும். தமிழில் யோசிப்பவருக்கு ஒரு நிமிடம் போதும். ஜப்பானியத்திலும் இப்படித்தான் என்பதால் உறவு முறைக்கு இதைச் சான்றாக்க முடியாது. ஆனால் படிக்கிறவருக்குச் சான்று எதற்கு?

எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான். லண்டனில் வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கொரியம் படிக்க உட்கார்ந்ததும் ஆங்கிலச் செயலி, ஆங்கில நூல், ஆங்கிலத்தில் பொருள். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் கட்டி, பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டித் திணறுகிறார்கள். பிறந்த வீட்டிலேயே கிடைத்த வசதியை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பேத்தியிடம் சொல்லுங்கள்: குறிப்பேட்டில் கொரியச் சொல்லைத் தனியாக எழுதக் கூடாது, அலுவலகத்தில் கேட்ட முழு வாக்கியத்தை எழுத வேண்டும். பக்கத்தில் அதன் தமிழ் வாக்கியத்தை, வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுத வேண்டும். தமிழில் எங்கே தடுமாறுகிறாளோ அங்கே நீங்கள் உதவுங்கள் ஐயா. 500 சொல் பட்டியலைவிட அவளுக்கு உங்களால் ஆகும் உதவி இது.

அப்படியானால் கொரிய உச்சரிப்பையும் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாமா? நான் நியூ மால்டனில் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறேன். கொரிய அம்மாக்களிடம் பேச வேண்டும்.
– சவுத்தால் வாசகி

பொருள் தமிழில், உச்சரிப்பு கொரிய எழுத்தில். இந்தப் பத்தியில் அச்சுக்காகத் தமிழில் எழுதுகிறேனே தவிர, என் வகுப்பில் அதை அனுமதிப்பதில்லை. தீ, புல், கொம்பு மூன்றுக்கும் கொரியத்தில் மூன்று தனி ஒலிகள் உண்டு. தமிழில் எழுதினால் மூன்றும் ‘புல்’ ஆகிவிடும். 1446இல் அரசர் செஜோங் வெளியிட்ட ஹங்குல் எழுத்தை ஒரு வாரத்தில் கற்கலாம். ஒன்று மட்டும் நமக்குக் கூடுதல் வசதி: சொல்லின் தொடக்கத்தில் வல்லொலி, நடுவில் மெல்ல ஒலிப்பது என்று நம் ககரம் நடந்துகொள்வது போலவே அவர்களுடைய ககரமும் பெரும்பாலும் நடந்துகொள்ளும்.

உங்கள் வேலைக்கு முக்கியமானது பெரியவர்களுக்கென்று உள்ள தனி வினைகள். சாப்பிடுவது நமக்கு ‘மொக்தா’, அவர்களுக்கு ‘தூஷிதா’. தூங்குவது நமக்கு ‘ஜாதா’, அவர்களுக்கு ‘ஜுமுஷிதா’. “எங்கே வலிக்கிறது?” என்பதற்கு “ஒதி அபுஷேயோ?” அந்தப் பகுதியில் வடகொரியாவிலிருந்து வந்தவர்களும் வாழ்கிறார்கள். தென்கொரியர் பேச்சில் உள்ள ஆங்கிலக் கடன்சொற்கள் அவர்களிடம் குறைவு; ஒரு சொல் புரியாவிட்டால் குரலை உயர்த்தாமல் வேறு சொல்லில் கேளுங்கள். அவர்கள் கதையை அவர்களாகச் சொன்னால் ஒழியக் கேட்காதீர்கள். நீங்கள் இந்த மொழியைப் படிக்கிறீர்கள் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அம்மா.

கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கொரிய மொழியில் தொகையைச் சொன்னால் ஒரு பூஜ்யம் கூடிவிடுகிறது அல்லது குறைந்துவிடுகிறது. என்ன செய்வது?
– ஹேய்ஸ் வாசகி

மில்லியனை மறந்துவிட்டு லட்சத்துக்கு வாருங்கள். கொரியர்கள் எழுதும்போது மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி போட்டாலும், பேசும்போது பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுகிறார்கள். பத்தாயிரம் ‘மான்’. பத்து மான் ஒரு லட்சம். நூறு மான் பத்து லட்சம். ஆயிரம் மான், அதாவது ‘சொன்மான்’, சரியாக ஒரு கோடி. அதற்கு மேல் ‘ஒக்’, பத்துக் கோடி. வொன் தொகைகளில் இவை தினமும் வரும். எந்தத் தொகையைக் கேட்டாலும் முதலில் லட்சம், கோடி என்று தமிழில் எழுதிக்கொண்டு பிறகு இலக்கத்துக்கு மாற்றுங்கள்.

மேலதிகாரி ஒப்புதலுக்கும் பணம் செலுத்துவதற்கும் உள்ள இரண்டு சொற்கள் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ‘கியொல்ச்சே’ என்று கேட்கும். எழுத்தில்தான் வேறுபாடு. ‘கியொல்ச்சே முடிந்தது’ என்று தொலைபேசியில் கேட்டதும் பணம் போய்விட்டது என்று பதிவு செய்யாதீர்கள். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

சுயவிவரத்தில் ‘உரையாடும் அளவுக்குக் கொரியம் தெரியும்’ என்று எழுதலாமா?
– ஈலிங் வாசகர்

நேர்முகத்தில் முதல் கேள்வியே கொரியத்தில் வரும். ‘டோபிக்’ என்ற கொரிய மொழித் திறன் தேர்வு எழுதி நிலையைக் குறிப்பிடுங்கள். முதல் தாளில் 1, 2 நிலைகள். இரண்டாம் தாளில் 3 முதல் 6 வரை. அலுவலக வேலைக்கு 4க்குக் கீழ் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். வேலை தேடும் காலத்தைப் பார்த்துத் தேர்வு எழுதுங்கள். டிராஃபல்கர் சதுக்கத்துக்கு அருகில் கொரியப் பண்பாட்டு மையம் இருக்கிறது, வகுப்புகள் நடத்துகிறார்கள். சவுத்தாலிலிருந்து எலிசபெத் ரயில் இருக்கும்போது தூரத்தைக் காரணம் சொல்லாதீர்கள்.

எனக்கு 52 வயது. இனிப் படித்து என்ன ஆகப்போகிறது?
– சவுத்தால் வாசகி

ஓய்வுக்கு இன்னும் பதினைந்து வருடம் வேலை செய்யப் போகிறீர்கள். தொடங்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவின் மகன் கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகப் பரீட்சை எழுதப் போகிறான். இங்கிருந்து டோபிக் புத்தகங்கள் வாங்கி அனுப்பட்டுமா ரீச்சர்? ஒரு முகவர் பணம் கட்டினால் உடனே அனுப்பிவிடலாம் என்கிறாராம்.
– சவுத்தால் வாசகர்

வேண்டாம். அது வேறு தேர்வு. தொழிலாளர் விசாவுக்கு உரியது ‘இ.பி.எஸ்.-டோபிக்’. அதில் வாசிப்பும் கேட்டலும் மட்டும். சொற்களும் பாதுகாப்பு அறிவிப்பு, கருவி, சம்பளம், விபத்து, விடுப்பு என்று தொழிற்சாலையைச் சுற்றியே வரும். கொரிய மனிதவள மேம்பாட்டு நிறுவனம் வெளியிடும் பாடநூல் போதும்.

அந்த வழியில் ஆள் எடுப்பது இரண்டு அரசுகளுக்கு இடையிலான ஏற்பாடு. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகத்தான் நடக்கும், தனியார் முகவருக்கு அதில் இடமே இல்லை. இன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த ஆளிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.