நெல் புழுக்குதலும் என்ஸைம்களும்

பச்சைநெல்லின் தவிட்டை மூட்டையில் கட்டிவைத்தால் சில தினங்களுக்குள் காறல் வாடை வீசுவதும், புழுங்கல் நெல்லின் தவிடு அவ்வளவு விரைவில் கெடாதிருப்பதும் விவசாயிகள் அறிந்ததே. இதற்குக் காரணம் தவிட்டிலுள்ள என்ஸைம் என்னும் வஸ்துவாகும்.

என்ஸைம்களிற் பெரும்பாலானவை ஜீவராசிகள் உண்டாக்கும் புரதங்கள். அவை தாம் செலவாகாமலே ஒரு பொருளைப் பிறிதொன்றாக விரைந்து மாற்றவல்லவை. ஒவ்வொன்றும் தனக்குரிய வேலையையே செய்யும். விதைநெல் முளைக்குங்கால் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவது அமிலேஸ். புரதத்தைச் சிதைப்பது புரோட்டியேஸ். எண்ணெயைப் பிளந்து கொழுப்பமிலங்களை வெளிப்படுத்துவது லைபேஸ். மணி முழுதாயிருக்கும் வரையில் லைபேஸும் எண்ணெயும் பிரிந்தே இருக்கின்றன. ஆலையில் அரிசி தீட்டப்படும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. அமிலம் மிகுந்த தவிட்டினின்று நல்ல சமையலெண்ணெய் எடுப்பது கடினம். மாடுகளும் அதனை விரும்பி உண்பதில்லை.

நெல்லை அவித்தாலோ லைபேஸ் செயலற்றுப்போகிறது. வெந்த முட்டையின் வெண்கரு மீண்டும் இளகாததுபோல, வெந்த என்ஸைமும் பழைய நிலையை அடைவதில்லை. ஆயினும் காற்றுப் பட்டு எண்ணெய் கெடுவது இதனால் நீங்குவதன்று. ஆகவே புழுங்கல் தவிட்டையும் நெடுநாள் வைத்திருத்தல் தகாது.

சில என்ஸைம்கள் துணையின்றி இயங்கமாட்டா. 1906-ஆம் வருஷத்தில் லண்டனில் ஹார்டன், யங் என்னும் இருவர், சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் ஈஸ்டின் சாற்றை நுண்ணிய வடிகட்டியினால் இரண்டு பாகங்களாகப் பிரித்தனர். தனித்தனியே எப்பாகமும் சர்க்கரையைப் புளிக்கச் செய்யவில்லை; சேர்த்தவுடன் புளிப்பு தொடங்கிற்று. வடிந்த பாகத்தைக் கொதிக்கவைத்த பின்னும் அதன் சக்தி குன்றவில்லை. எனவே அது புரதமன்று என்பது புலனாயிற்று. இத்தகைய சிறு துணைப்பொருள்களே கோ-என்ஸைம்கள் எனப்படும்.

பல வைட்டமின்கள் உடலில் கோ-என்ஸைம்களாக மாறியே வேலை செய்கின்றன. தவிட்டிலும் முளைப்பகுதியிலும் மிகுந்துள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அவற்றுள் ஒன்று. சர்க்கரையினின்று உடல் சக்தி பெறும் வழியில் முக்கியமான சில என்ஸைம்களுக்கு இது இன்றியமையாதது. இது குறைந்தால் நரம்பும் இருதயமும் தளர்ந்து பெரிபெரி நோய் உண்டாகிறது. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு சேர்த்ததும் தேறியதையும் 1897-இல் விவரித்தார். தயமினின் கோ-என்ஸைம் வடிவத்தை லோமான், ஷுஸ்டர் என்போர் 1937-இல் கண்டறிந்தனர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி நீருடன் மணியினுள் இறங்கி, மாவு வெந்து இறுகுகையில் அங்கேயே தங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் பச்சரிசியைக் காட்டிலும் அதிகம் மிஞ்சும். நெல்லைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் புளித்த நாற்றம் ஏறும். சுமார் 70 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் 3 அல்லது 4 மணி நேரம் ஊறவைப்பது சிலாக்கியம். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும், உலையில் சோடா உப்பு இடுவதும் தயமினைப் போக்கடிக்கும். பச்சரிசித் தவிட்டைச் சேமிக்க விரும்புவோர், ஆலையிலிருந்து வந்த அன்றே நீராவியில் நன்கு சூடேற்றி, ஈரமற உலர்த்திய பின்னரே மூட்டை கட்டவேண்டும்.