மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லையா? உதைக்கும் முன் ஒழுங்காகப் பார்ப்போம்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக உடல்நலம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு பற்றித்தான் எழுதுகிறோம். இம்முறை மோட்டார் சைக்கிள் பற்றி எழுதுகிறோம். நலன்புரிப் பக்கத்தில் பைக்குக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மூத்த மகளுக்கு அன்று சாதாரண தரப் பரீட்சை. விடியற்காலை நல்ல மழை. அப்பா பைக்கை இஸ்தோப்பிலிருந்து இறக்கி உதைத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. நாற்பது, ஐம்பது தடவை உதைத்தார். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். கடைசியில் கீழ் டிவிசனுக்கு ஆள் அனுப்பி த்ரீவீலர் பிடித்தார்கள். மகள் மணி அடித்த பிறகுதான் மண்டபத்துக்குள் போனாள். பதறிப் போன பிள்ளை எப்படி எழுதியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு அன்று பேரும் இல்லை, த்ரீவீலர் காசும் போச்சு.

மாலையில் நாங்கள் அந்தப் பக்கம் போனபோது பைக்கைப் பார்த்தோம். வலது கைப்பிடியில் உள்ள சிவப்பு சுவிச் 'ஓப்' பக்கம் இருந்தது! "நேத்து சின்னவன் ஏறி உக்காந்து வெளையாடிக்கிட்டு இருந்தான் ஐயா" என்றார் அந்த அம்மா. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு விரலால் தட்டினால் சரியாகும் காரியம். ஆகவே இந்தப் பாடம். பெரும்பாலும் நம் தோட்டங்களில் ஓடும் 100 சி.சி., 125 சி.சி. காபரேட்டர் பைக்குகளை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

என்ஜின் என்ன கேட்கிறது?

அடுப்பு எரிய விறகு வேண்டும், காற்று வேண்டும், தீக்குச்சி வேண்டும். என்ஜினும் அப்படித்தான். பெற்றோல்தான் விறகு. எயார் பில்டர் வழியாகக் காற்று வருகிறது. பிளக்கில் வரும் நெருப்புப் பொறிதான் தீக்குச்சி. நாலாவதாக ஒன்று உண்டு. பிஸ்டன் மேலே வரும்போது அந்தப் பெற்றோல் காற்றை நன்றாக அமுக்க வேண்டும். இதைக் கம்பிரஷன் என்கிறோம். இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. உதைப்பது அல்ல.

முதற்படி: கையை அழுக்காக்காமல் பார்ப்பவை

1. சாவி 'ஓன்' பக்கம் இருக்கிறதா?

2. சிவப்பு சுவிச் ஓடும் பக்கம் இருக்கிறதா?

3. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பச்சை லைட் எரிகிறதா? சில புதிய பைக்குகள் சைட் ஸ்டாண்டை மடக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. பட்டன் ஸ்டார்ட் என்றால் கிளச்சைப் பிடித்துக்கொண்டு அமத்திப் பாருங்கள்.

4. டேங்கில் பெற்றோல் இருக்கிறதா? முள்ளை நம்ப வேண்டாம். மூடியைத் திறந்து பைக்கை ஆட்டிப் பாருங்கள். இரவென்றால் டோர்ச் மட்டும் பிடியுங்கள். குப்பி விளக்கு, மெழுகுதிரி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

5. டேங்கின் அடியிலுள்ள டெப் திறந்திருக்கிறதா? பெற்றோல் குறைவென்றால் ரிசர்வ் பக்கம் திருப்புங்கள்.

6. சோக் சரியா? நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அந்த மாதிரிக் குளிரில் விடியற்காலை என்ஜினுக்கு சோக் வேண்டும். சோக்கை இழுத்து, அக்சிலேட்டரைத் திருகாமல் உதையுங்கள். ஓடிச் சூடான என்ஜினுக்கு சோக் வேண்டாம்.

இந்த ஆறையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஐந்து சதமும் செலவில்லை.

இரண்டாம் படி: பெற்றோல் கீழே வருகிறதா?

டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் மூடியின் ரப்பர் பழுதென்றால் டேங்குக்குள் தண்ணீர் போகும். பெற்றோலை விடத் தண்ணீர் பாரம் கூடியது. ஆகவே அது அடியிலே நிற்கும். காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு சின்ன ஆணி உண்டு. என்ஜின் ஆறிய பிறகு, வெளியிடத்தில் வைத்து, அதைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சின்ன கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் காரணம் அதுதான். சுத்தமான பெற்றோல் வரும்வரை வடித்துவிட்டு ஆணியை இறுக்குங்கள். டெப்பைத் திறந்தும் ஒன்றுமே வராவிட்டால் டெப்பிலோ குழாயிலோ அடைப்பு.

நீண்ட நாள் நிறுத்திய பைக் இன்னொரு கதை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வருடம் ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. எத்தனையோ பைக்குகள் மாதக்கணக்கில் லயத்து வாசலில் சும்மா நின்றன. பிறகு பெற்றோல் ஊற்றியும் சில ஸ்டார்ட் ஆகவில்லை. காரணம், காபரேட்டரில் கிடந்த பழைய பெற்றோல் ஆவியாகிப் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். ஜெட் என்ற பித்தளைத் துண்டின் துளை ஊசி முனை அளவுதான். அது அடைத்துவிடும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெற்றோல் அதிகம் குடிக்கும். இதைக் கழற்றிக் கழுவிக் காற்றடிக்க ஒரு பாஸிடம் கொடுப்பதே நல்லது. இனி நீண்ட நாள் நிறுத்துவதென்றால் டெப்பை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். காபரேட்டர் காலியாகிவிடும்.

மூன்றாம் படி: பெற்றோல் கூடிப்போனால்

நாம் செய்யும் பெரிய பிழை இதுதான். கோபத்தில் சோக்கை இழுத்தபடி உதைத்துக்கொண்டே இருக்கிறோம். பெற்றோல் உள்ளே நிறைந்து பிளக் நனைந்துவிடுகிறது. நனைந்த தீக்குச்சி பற்றுமா? பெற்றோல் மணம் பலமாக வந்தால் உதைப்பதை நிறுத்துங்கள். டெப்பை மூடுங்கள், சோக்கை உள்ளே தள்ளுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு எட்டு, பத்து உதை உதையுங்கள். பிடித்ததும் அக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். டெப்பைத் திறக்க மறக்க வேண்டாம்.

நான்காம் படி: பிளக்

பிளக் மூடியைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். மழையில் ஓடியிருந்தால் மூடிக்குள் தண்ணீர் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்து மாட்டினாலே சில நேரம் சரியாகிவிடும்.

சரிவராவிட்டால் பிளக் ஸ்பேனரால் கழற்றிப் பாருங்கள். இளம் கபிலம் என்றால் என்ஜின் நலம். ஈரம் என்றால் பெற்றோல் கூடிவிட்டது. பல உதைக்குப் பிறகும் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. கறுப்புக் கரி என்றால் பெற்றோல் அதிகம், அல்லது பில்டர் அடைப்பு. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். முனை இடைவெளி பல சின்ன பைக்குகளில் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை. உங்கள் பைக்கின் கைநூலில் உள்ளதே சரி.

பொறி வருகிறதா என்று பார்க்கும் முறை: முதலில் டெப்பை மூடுங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்து, அந்தத் துணியைத் தூரப் போடுங்கள். பிளக்கை மூடியில் மாட்டி, மரை உள்ள பகுதி என்ஜின் இரும்பில் தொடும்படி வையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கிருந்து வரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். ரப்பர் மூடியை மட்டும் காய்ந்த துணியால் பிடியுங்கள். வெறும் கையால் பிளக்கைத் தொட்டால் பலமாக 'ஷொக்' அடிக்கும். இன்னொருவர் உதைக்க, நீல நிறத்தில் 'சட்' என்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால், அல்லது வராவிட்டால், புது பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் காயில், வயர் வேலை. பாஸிடம் போங்கள்.

திருப்பிப் பூட்டும்போது முதலில் விரலாலேயே திருகுங்கள். பிறகுதான் ஸ்பேனர். அலுமினிய மரை தேய்ந்தால் செலவு பெரிது.

ஹோர்ன் சத்தம் மெலிந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. சில பைக்குகள் பேட்டரி இல்லாமலும் உதைத்தால் ஸ்டார்ட் ஆகும், சில ஆகாது. பியூஸ் எரிந்திருந்தால் அதே அளவு பியூஸையே போடுங்கள். கம்பி, சிகரட் தாள் சுற்றினால் வயர் முழுதும் எரிந்துவிடும்.

ஐந்தாம் படி: காற்றும் கம்பிரஷனும்

எயார் பில்டர் தூசியால் அடைத்திருக்கிறதா, எலி உள்ளே பஞ்சு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். கடதாசி பில்டரைக் கழுவக் கூடாது. தட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். ஸ்பொஞ்ச் பில்டர் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

கடைசியாக, பிளக் பூட்டியிருக்கும்போதும் கிக்கர் எந்தத் தடையும் இல்லாமல் 'தொபக்' என்று இறங்கினால் கம்பிரஷன் இல்லை. வால்வோ ரிங்கோ போயிருக்கலாம். இது வீட்டில் செய்யும் வேலையல்ல.

கட்டாயம் மனதில் வையுங்கள்

லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ ஒரு காம்பராவோடு நிற்காது. ஆகவே பெற்றோல் வேலையை அடுப்பு, சாமி விளக்கு உள்ள இடத்தில் செய்ய வேண்டாம். சோடாப் போத்தலில் பெற்றோல் வைக்க வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடும். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். தவறி யாராவது விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இரவில் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையே என்று நோயாளியை வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

பரீட்சை, கிளினிக், நேர்முகப் பரீட்சை என்று முக்கியமான காரியம் இருந்தால் முதல் நாள் மாலையே பைக்கை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். கோளாறு இருந்தால் மாலையிலேயே தெரிந்துவிடும், இரவுக்குள் வேறு ஏற்பாடும் செய்யலாம்.

இந்தப் பாடம் ஆண்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன வீட்டில் மற்றப் பரீட்சை நாட்களில் என்ன நடந்தது தெரியுமா? முதல் நாள் மாலை சாவி, சுவிச், பெற்றோல், டெப் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தது அந்த மகள்தான். அப்பா ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணினார். மிச்சப் பாடங்களுக்கெல்லாம் பிள்ளை நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள்.

உங்கள் வீட்டிலும் இந்தத் தாளை வெட்டி, பைக் நிற்கும் சுவரில் ஒட்டி வையுங்கள்.

— நலன்புரி உத்தியோகத்தர்