எண் இறங்கினால் ஈரல் பிழைத்தது என்றாகாது

அன்புள்ள வாசகருக்கு,

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியும் பத்தியமும் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். பெயர் மட்டும் நாம் கொடுத்த மருந்துக்குப் போய்ச் சேரும். ஆனால் மிகச் சிலருக்கு ஈரல் அடியோடு அழியத் தொடங்குகிறது. என் கவலையெல்லாம் அவர்களைப் பற்றியதுதான்.

ஈரல் செல்களைப் பெரும்பாலும் வைரஸ் நேராகக் கொல்வதில்லை. அது புகுந்த செல்களை நம் எதிர்ப்பு சக்தியே தேடி அழிக்கிறது. அளவோடு நடந்தால் ஈரல் மறுபடி வளர்ந்துகொள்ளும். அளவு மீறினால் திசு பெரும் பரப்பில் மடிந்து, ஈரலே சுருங்கிப்போகும்.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. எஸ்ஜிபிடி என்பது சிதையும் செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதி. ஆயிரக்கணக்கில் இருந்த அந்த எண் மளமளவென்று இறங்கியதும் வீட்டில் நிம்மதி வந்துவிடுகிறது. காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் ஏறிக்கொண்டே இருக்க எஸ்ஜிபிடி மட்டும் இறங்கினால், கசிவதற்குச் செல்களே மிச்சமில்லை என்றும் பொருளாகலாம். அதைக் காட்டிக்கொடுப்பது, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பிடி-ஐஎன்ஆர் பரிசோதனை. ரத்தம் உறைய உதவும் புரதங்களை ஈரல்தான் தயாரிக்கிறது. அவற்றில் ஒன்றின் ஆயுள் சில மணி நேரமே. அதனால் ஈரல் தளர்ந்ததும் ஐஎன்ஆர் விரைவில் ஏறிவிடும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது; காரணம் ஹெபடைடிஸ் ஈ வைரஸ். 1955-56இல் டெல்லியில் சாக்கடை கலந்த யமுனை நீர் குடிநீரில் சேர்ந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அந்த வைரஸ் தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும்.

காமாலை கண்டவர் பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிறாரா? பேச்சு குழறுகிறதா? ஆளை அடையாளம் காணத் தடுமாறுகிறாரா? வாந்தி ஓயவில்லையா? ஈறில் ரத்தம் கசிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவும் ஈரல் நிபுணரும் உள்ள மருத்துவமனைக்கு அன்றே அழைத்துப் போங்கள். மாற்று ஈரல் தேவைப்பட்டால் அதற்கு அவகாசம் சில நாட்கள்தான் கிடைக்கும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலைக்கூட மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் வேறெந்த அறிகுறிக்கும் காத்திராமல் உடனே கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்