மின்கட்டண மனு: யாரிடம், எதைக் கேட்பது?

‘மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும்’ என்று ஒரு வரி. கீழே இருநூறு கையெழுத்து. குடியிருப்போர் சங்கங்கள் கொடுக்கும் மனு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. வாங்குகிற அதிகாரிக்கு ஒரு சங்கடமும் இல்லை. முத்திரை குத்திக் கோப்பில் போட்டுவிடுவார்.

யூனிட் விலையைத் தீர்மானிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதில் எவ்வளவை அரசு தன் பணத்தில் கட்டும் என்பது அரசின் முடிவு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவுப்படி அந்த மானியத்தை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். 2023 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றது. 2024இல் 4.83 சதவீத உயர்வு நம் தலையில் விழுந்தது. 2025இல் மறுபடி அரசு ஏற்றுக்கொண்டது. ஆக, மானியம் கேட்கும் மனு முதல்வருக்கும் மின்துறை, நிதித்துறை அமைச்சர்களுக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் போகட்டும், அதுவும் பட்ஜெட்டுக்கு முன்பே. உள்ளூர் ஈ.பி. ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் சண்டை போட்டு என்ன பயன்? அவர் பாவம்.

அடுத்து, ஆதாரம். ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையையோ, செல்போனில் வந்த கட்டணக் குறுஞ்செய்திகளையோ எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்த தேதிகளைப் பாருங்கள். பழைய 2022 செப்டம்பர் கட்டண ஆணைப்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். 65ஆம் நாள் வந்தால் 520 யூனிட், 2,110 ரூபாய். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரையிலான படியின் (ஸ்லாப்) சலுகை விலையும் பறிபோவதால் வந்த வினை இது. அடுத்த முறை 55 நாளில் எடுத்தால் கொஞ்சம் திரும்பும். அப்படியும் இரண்டு பில்லும் சேர்ந்து 265 ரூபாய் நஷ்டம். தெருவில் பத்து வீட்டுக்கு இந்தத் தேதிகளை ஒரே தாளில் எழுதி இணைத்தால், அந்த இருநூறு கையெழுத்தைவிட அது பேசும்.

‘மாதாமாதம் கணக்கெடுங்கள்’ என்ற கோரிக்கை 2021 தேர்தலில் வாக்குறுதியானதிலிருந்து எல்லோர் வாயிலும் இருக்கிறது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. படிகளை அப்படியே பாதியாக வெட்டி மாதக் கணக்காக்கினால் லாபம் வராது. மே மாதம் 350, ஜூன் மாதம் 150 யூனிட் என்றால், அதே 2022 ஆணைப்படி இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்தான். வெட்டிய படிகளில் 2,162 ரூபாய் ஆகிவிடும். எனவே மாதக் கணக்கு கேட்பவர்கள், இலவச யூனிட்டுகள் மாதத்துக்கா, பழையபடி இரண்டு மாதத்துக்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை எழுதாத மனு கேட்டது கிடைத்தும் கையைச் சுடும்.

குறிப்பாகக் கேட்பது பலிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அடுக்குமாடிகளின் படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டாருக்கு யூனிட் 8 ரூபாய் என்றானதும் குடியிருப்பாளர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 2023 நவம்பரிலிருந்து, பத்து வீடுகளுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அது 5.50 ஆனது.

கட்டணத்தை மாற்றும் விண்ணப்பம் ஆணையத்துக்குப் போனால், மக்களின் கருத்தைக் கேட்டுத்தான் ஆணையிட வேண்டும் என்கிறது 64ஆம் பிரிவு. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நாளிதழ் அறிவிப்பைக் கவனித்து, கெடு தேதிக்குள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் தமிழிலேயே பேசலாம். மைக் கையில் வந்ததும் ஆட்சியைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள், அதற்கே பலர் வரிசையில் நிற்பார்கள். தேதித் தாளை எடுத்து முதல் வீட்டின் ரீடிங்கிலிருந்து படியுங்கள்.