பாக்கெட் எங்கே போச்சு? – கெர்னலிடம் கணக்குக் கேட்போம்



சேலத்தில் ஓர் அலுவலகம், நாமக்கல்லில் அதன் கிளை. நடுவில் இன்டர்நெட் வழியே ஐபிசெக் இணைப்பு. ஒருநாள் கிளையின் சம்பளப் பட்டியல் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "லைன் கட்டுங்க" என்பார் ஒருவர். "சர்வர் படுத்துடுச்சு" என்பார் இன்னொருவர். பாக்கெட்டோ வாசல்வரை வந்திருக்கும். லினக்ஸ் கெர்னல் சத்தமில்லாமல் அதைத் தள்ளியிருக்கும். பழி மட்டும் நம்மைப் போன்ற டிப்ளமாக்காரர் தலையில் விழும். அதனால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு பேரேடுகள்

கெர்னல் இரண்டு பேரேடு வைத்திருக்கிறது. முதலாவது பாலிசி: எந்தப் பாக்கெட்டைப் பூட்டி அனுப்புவது, எதைச் சும்மா விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள். உள்ளே வருவது, வெளியே போவது, தாண்டிப் போவது என்று இவை மூன்று திசையில் இருக்கும். இரண்டாவது ஸ்டேட்: பூட்டுவதற்கான சாவி விவரம். விதி இருந்து சாவி இல்லாவிட்டாலும், சாவி இருந்து விதி இல்லாவிட்டாலும் சரக்கு நகராது. முட்டை லாரிக்கு பர்மிட்டும் வேணும், டிரைவரும் வேணும் அல்லவா!

கேட்கும் வழி

கெர்னலின் நினைவகத்தை நம் புரோகிராம் நேரே தொட முடியாது. நெட்லிங்க் என்ற சாக்கெட் வழியாக விண்ணப்பம் போட வேண்டும். முன்பெல்லாம் எத்தனை விதி என்று அறிய, முழுப் பேரேட்டையும் இறக்கி ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் இணைப்பு உள்ள இடத்தில் அது வீண் சுமை. 2007-இல் வந்த 2.6.22 கெர்னலில், மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒரே பதிலில் தரும் வசதி சேர்ந்தது. ரூட் உரிமையோடு 'ஐபி எக்ஸ்எஃப்ஆர்எம் பாலிசி கவுண்ட்' என்று தட்டினால் திசைவாரியாக எண் வரும். 'பாலிசி'க்குப் பதில் 'ஸ்டேட்' என்றால் சாவிகளின் கணக்கு.

தள்ளுபடிக் கணக்கு

2008-இல் வெளியான 2.6.25 கெர்னலில் 'எக்ஸ்எஃப்ஆர்எம்_ஸ்டாட்' என்ற கோப்பு, பிராக் அடைவின் நெட் பகுதியில் வந்தது. பாக்கெட் ஏன் தள்ளப்பட்டது என்பதை இது காரணவாரியாகச் சொல்லும்:

1. 'இன் நோ ஸ்டேட்ஸ்' ஏறினால், வந்த பாக்கெட்டுக்குப் பொருந்தும் சாவிப் பதிவு இங்கே இல்லை.
2. 'இன் நோ பால்ஸ்' ஏறினால், சாவி சரி; விதி இல்லை.
3. 'இன் ஸ்டேட் புரோட்டோ எரர்' ஏறினால், சாவியே தவறாக இருக்கலாம்.

ஒரு முறை பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இவை மெஷின் பூட் ஆனதிலிருந்து சேர்ந்த எண்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்; எது ஏறியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி. எதுவுமே ஏறவில்லையென்றால் அப்புறம் லைனைப் பார்க்கலாம்.

பழகிப் பார்க்க, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போட்ட இரண்டு கம்ப்யூட்டர் போதும். வாய்ச் சண்டையை எண் முடித்து வைக்கும். கணக்கைக் கேட்கத் தெரிந்தவனை யாரும் சும்மா குறை சொல்ல முடியாது, நண்பர்களே!