வீட்டு வரி மிகையெனத் தோன்றினால்

ஈப்போ மாநகர் மன்ற எல்லைக்குள்ளோ, பழைய ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த பேராக் வீடமைப்புப் பகுதிகளிலோ சொந்த வீடுடையோர், மதிப்பீட்டு வரி உயர்ந்ததென்று பணம் கட்டும் முகப்பில் முறையிடுவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், 142ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமான ஆட்சேபத்தையே ஏற்கிறது.

வரி விகிதத்தோடு வாதிடாதீர்கள். வாதிட வேண்டியது ஆண்டு மதிப்போடுதான். அது அவ்வீடு ஓராண்டில் நியாயமாக ஈட்டக்கூடிய வாடகை. மாதம் 700 ரிங்கிட் என்று கணக்கிட்டு 8,400 ரிங்கிட் குறித்திருக்க, அதே வரிசையில் அதே அமைப்புள்ள வீடுகள் 500 ரிங்கிட்டுக்கே வாடகைக்குப் போகுமானால், அவ்வாடகை ஒப்பந்தங்களின் நகல்களே உங்கள் பிரதான சாட்சியம். இடிக்கப்பட்ட பின்கட்டுச் சமையலறை இன்னும் கணக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் கண்ட சுவரையும் மழையில் ஒழுகும் துத்தநாகக் கூரையையும் தேதியுடன் படமெடுத்து இணையுங்கள்.

புதிய மதிப்பீட்டுப் பட்டியலாயின், பரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக, முத்திரையிட்ட நகல் பெற்றுக்கொண்டு மனுவைச் சேர்ப்பியுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் திருத்தம் வந்திருப்பின் 10 நாள். விசாரணைக்கு நேரிலோ பிரதிநிதி மூலமோ செல்லலாம். தீர்ப்பு திருப்தியளிக்காவிடில் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் உண்டு. ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போதும் அரையாண்டு வரியைத் தவணை தவறாது செலுத்துவதே உசிதம். நில அலுவலகம் வசூலிக்கும் நிலவரி இதனின்றும் வேறு. அதற்கு இம்மனு செல்லாது.